கழிவுநீர் சுத்தமாகிறது, கசடில் தங்கும் கிருமிகள் என்னாகின்றன? - ஒரு விளக்கம்

புதுடெல்லி: நகரங்களின் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியேற்றும் ஒவ்வொரு நிலையத்திலும் கரிய சேறு போன்ற ஒரு பொருள் எஞ்சுகிறது. கசடு எனப்படும் இதில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் நிறைந்திருப்பதால், நாட்டின் பல பகுதிகளில் விவசாயிகள் இதனைக் குறைந்த விலைக்கோ விலையின்றியோ பெற்று வயலுக்கு உரமாக இடுகின்றனர். ஆனால், நீரிலிருந்து பிரிக்கப்பட்ட நோய்க்கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் பெருமளவில் தங்கியிருப்பது இந்தக் கசடில்தான்.

அவற்றை அழிக்காமல் கசடை வயலில் இட்டால், சுத்திகரிப்பு நிலையத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட நோய் காய்கறிகள் வழியாகவும் மண் வழியாகவும் மீண்டும் மனிதர்களை வந்தடையும். கசடில் உள்ள கிருமிகளை அழிக்கும் முறைகள் எவை, அவற்றின் அறிவியல் என்ன, இந்தியாவில் இப்பணி எந்த நிலையில் உள்ளது என்பதை இங்கே காணலாம்.

கசடு எப்படி உருவாகிறது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் உருவாகிறது. இதில் சுமார் 2,023 கோடி லிட்டர் மட்டுமே உண்மையில் சுத்திகரிக்கப்படுகிறது. அதாவது, மொத்தக் கழிவுநீரில் ஏறத்தாழ 28 விழுக்காடு. புதிய நிலையங்கள் கட்டப்பட்டு இந்த விகிதம் உயர உயர, கசடின் அளவும் உயரும்.

சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வரும் கழிவுநீர் முதலில் பெரிய தொட்டிகளில் அசைவின்றி நிறுத்தப்படுகிறது. கனமான பொருட்கள் அடியில் படிகின்றன. இது முதல்நிலைக் கசடு. அதன்பின் காற்று செலுத்தப்படும் தொட்டிகளில், நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் நீரில் கரைந்துள்ள கழிவுகளை உண்டு பெருகுகின்றன. அவை திரள்களாகி அடியில் படியும்போது கிடைப்பது இரண்டாம்நிலைக் கசடு.

நோய்க்கிருமிகளில் பெரும்பகுதி இந்த இரு கட்டங்களில் நீரை விட்டு விலகுகிறது. ஆனால் விலகுவது வேறு, அழிவது வேறு. பாக்டீரியாக்களும் வைரஸ்களும் திடத் துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் இறங்குகின்றன. குடற்புழு முட்டைகள் நீரைவிட அடர்த்தி மிகுந்தவை என்பதால் தாமாகவே படிகின்றன. வெளியேறும் நீர் எந்த அளவுக்குத் தூய்மையாகிறதோ, அந்த அளவுக்குக் கசடில் கிருமிகள் செறிகின்றன.

கசடில் என்னென்ன இருக்கும்?

ஒரு நகரின் கசடில் காணப்படும் கிருமிகள், அந்நகர மக்களிடையே பரவியுள்ள நோய்களின் பிரதிபலிப்பாகும். டைபாய்டு உள்ளிட்ட நோய்களை உண்டாக்கும் சால்மோனெல்லா வகைகள், வயிற்றுப்போக்கை ஏற்படுத்தும் ஈ.கோலை வகைகள், மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ், ரோட்டா வைரஸ், சீதபேதியை உண்டாக்கும் அமீபா, குடற்புழு முட்டைகள் ஆகியவை இவற்றில் முக்கியமானவை.

இவற்றுள் அழிப்பதற்கு மிகக் கடினமானவை குடற்புழு முட்டைகளே. அஸ்காரிஸ் எனப்படும் உருளைப்புழுவின் ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டைகள் வரை இடக்கூடியது. முட்டையைச் சுற்றியுள்ள பல அடுக்கு ஓடு அதனை வறட்சியிலிருந்தும் வேதிப்பொருட்களிலிருந்தும் காக்கிறது. சாதகமான சூழலில் மண்ணில் பல ஆண்டுகள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது இந்த முட்டை. எனவேதான் உலகெங்கும் கசடின் பாதுகாப்பைச் சோதிக்க உருளைப்புழு முட்டை ஓர் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. அது அழிந்துவிட்டால், அதனைவிடப் பலவீனமான பெரும்பாலான கிருமிகளும் அழிந்திருக்கும் என்பதே இதன் அடிப்படை.

மண் வழியாகப் பரவும் குடற்புழுக்களால் உலகில் சுமார் 150 கோடி மக்கள் பாதிக்கப்பட்டுள்ளதாக உலக சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது. குழந்தைகளிடம் ரத்தசோகையையும் வளர்ச்சிக் குறைவையும் ஏற்படுத்தும் இந்தப் புழுக்களுக்கு எதிராக, இந்தியாவில் 2015ஆம் ஆண்டு முதல் தேசிய குடற்புழு நீக்க நாள் கடைப்பிடிக்கப்பட்டு, பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் மாத்திரை வழங்கப்படுகிறது. மாத்திரையால் குழந்தையின் வயிற்றிலிருந்து நீங்கும் புழு, கசடு வழியாக அதே ஊரின் மண்ணுக்குத் திரும்பினால், அந்த முயற்சியின் பலன் குறையும்.

வெப்பமும் நேரமும்: அடிப்படைக் கணக்கு

கிருமிகளை அழிப்பதில் பழமையானதும் நம்பகமானதும் வெப்பமே. இதில் எவ்வளவு வெப்பம் என்பதுடன், எவ்வளவு நேரம் என்பதும் சம அளவில் முக்கியமானது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993ஆம் ஆண்டு வெளியிட்ட கசடு விதிகளில் இதற்கென ஒரு சூத்திரம் தரப்பட்டுள்ளது. ஓரளவு கெட்டியான கசடுக்கு அதன்படி கணக்கிட்டால் கிடைக்கும் கால அளவுகள் வருமாறு:

* 50 டிகிரி செல்சியஸ் - சுமார் 13 நாட்கள்
* 55 டிகிரி செல்சியஸ் - சுமார் இரண்டரை நாட்களுக்குச் சற்று மேல்
* 60 டிகிரி செல்சியஸ் - சுமார் பன்னிரண்டரை மணி நேரம்
* 70 டிகிரி செல்சியஸ் - 30 நிமிடங்கள்

வெப்பநிலை 5 டிகிரி உயரும்போது தேவைப்படும் நேரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைவதை இதிலிருந்து அறியலாம். எந்த முறையைக் கையாண்டாலும், கசடின் ஒவ்வொரு பகுதியும் இந்த வெப்பத்தை இந்த நேரம் வரை பெற்றதா என்பதே கேள்வி. குவியலின் நடுப்பகுதி வெந்து, ஓரப்பகுதி குளிர்ந்திருந்தால், அந்த ஓரத்திலிருந்து கிருமிகள் மீண்டும் பரவிவிடும்.

வழக்கத்தில் உள்ள முறைகள்

இந்தியாவின் பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் பலவற்றில் கசடு முதலில் காற்றுப் புகாத கலன்களில் செரிக்க விடப்படுகிறது. சுமார் 35 டிகிரி வெப்பத்தில் பாக்டீரியாக்கள் கசடைச் சிதைக்கும்போது மீத்தேன் வாயு கிடைக்கிறது. அதிலிருந்து மின்சாரம் தயாரிக்க முடியும். துர்நாற்றமும் கசடின் அளவும் குறைகின்றன. ஆனால் 35 டிகிரி என்பது மனித உடலின் வெப்பத்தைவிடக் குறைவு. மனிதக் குடலில் இருந்து வந்த கிருமிகளுக்கு அது பெரிய தண்டனையாகாது. பாக்டீரியாக்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தாலும், குடற்புழு முட்டைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

அடுத்தது மணற்படுகைகளில் வெயிலில் உலர்த்துவது. செலவு மிகக் குறைவு என்பதால் இந்தியாவில் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. கோடையில் நல்ல பலன் தரும் இந்த முறை, மழைக்காலத்தில் தடுமாறுகிறது. உலர்ந்த கசடு மீண்டும் நனைகிறது. புதிய கசடு நாள்தோறும் வந்துகொண்டே இருப்பதால், முழுமையாக உலரும் முன்பே படுகையைக் காலி செய்யும் நெருக்கடி ஏற்படுகிறது. அமெரிக்க விதிகள் இந்த முறைக்குக் குறைந்தது 3 மாதக் காலத்தை நிர்ணயித்துள்ளன. அப்போதும்கூட கிருமிகள் குறைகின்றன என்றே கொள்ளப்படுகிறதே தவிர, முற்றிலும் நீங்கியதாகக் கொள்ளப்படுவதில்லை.

சுண்ணாம்பு கலப்பது மூன்றாவது முறை. சுண்ணாம்பு சேரும்போது கசடின் காரத்தன்மை பிஎச் 12 என்ற அளவுக்கு உயர்ந்து, பாக்டீரியாக்களும் வைரஸ்களும் அழிகின்றன. இரண்டு மணி நேரம் இந்த அளவில் வைத்தாலே கிருமிகள் பெருமளவு குறையும். ஆனால் புழு முட்டையின் ஓடு காரத்தையும் தாங்கும். சுட்ட சுண்ணாம்பு ஈரத்துடன் சேரும்போது எழும் வெப்பத்தையும் பயன்படுத்தி, 52 டிகிரிக்கு மேல் 12 மணி நேரம் வைத்து, காரத்தன்மையை 3 நாட்கள் தொடரச் செய்து, பின்னர் உலர்த்தினால்தான் முழுப் பாதுகாப்பு கிடைக்கும்.

மட்க வைக்கும் முறை நான்காவது. கசடுடன் வைக்கோல், மரத்தூள், காய்ந்த இலைதழைகள் போன்றவற்றைக் கலந்து குவித்தால், நுண்ணுயிரிகளின் செயல்பாட்டால் குவியல் தானாகவே சூடேறும். நீள்வரிசைக் குவியலாக இட்டால் 55 டிகிரி வெப்பத்தை 15 நாட்கள் தொடரச் செய்து, அந்தக் காலத்தில் குறைந்தது 5 முறை புரட்டிப் போட வேண்டும். குளிர்ந்த வெளிப்பகுதியை உள்ளே கொண்டுசெல்வதற்காகவே இந்தப் புரட்டல். மூடிய கலனில் காற்றைச் செலுத்தி மட்க வைத்தால் 3 நாட்கள் போதும். எரிபொருள் தேவைப்படாத முறை இது என்றாலும், தினசரி வெப்பநிலையை அளந்து பதிவு செய்யும் ஒழுங்கு இல்லையெனில், கிடைப்பது மட்கிய உரமாக இருக்குமே தவிர, கிருமியற்ற உரமாக இருக்காது.

அகமதாபாத்தின் காமா கதிர் நிலையம்

வெப்பத்தைச் சாராத ஒரு முறையை இந்தியா நீண்ட காலமாகச் சோதித்து வந்துள்ளது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தொழில்நுட்பத்தில் குஜராத் மாநிலம் வதோதராவில் அமைக்கப்பட்ட ஆராய்ச்சி நிலையம், 1990களில் திரவ நிலையில் உள்ள கசடின் மீது காமா கதிர்களைச் செலுத்தி ஆய்வு மேற்கொண்டது. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக, அகமதாபாத் மாநகராட்சி நாளொன்றுக்கு 100 டன் உலர்ந்த கசடைக் கையாளும் நிலையத்தை அமைத்தது. 2019ஆம் ஆண்டு அது செயல்பாட்டுக்கு வந்தது.

இங்கு உலர்த்திப் பொடியாக்கப்பட்ட கசடு, தடித்த கான்கிரீட் சுவர்கள் கொண்ட அறைக்குள் கோபால்ட்-60 என்னும் கதிரியக்கத் தனிமத்தின் அருகே கொண்டுசெல்லப்படுகிறது. அதிலிருந்து வெளிப்படும் காமா கதிர்கள் கசடை ஊடுருவி, கிருமிகளின் மரபணுப் பொருளைத் துண்டித்துவிடுகின்றன. மரபணு சிதைந்த கிருமியால் பெருக முடியாது.

இதற்கு அளிக்கப்படும் கதிர்வீச்சு 10 கிலோகிரே. ஒரு கிலோ பொருள் 10 ஆயிரம் ஜூல் ஆற்றலை உட்கொள்கிறது என்பது இதன் பொருள். இந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினாலும் ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலை சுமார் இரண்டரை டிகிரி மட்டுமே உயரும். ஆகவே கசடு சூடாவதில்லை. அதிலுள்ள கரிமச் சத்தும் தாவர ஊட்டங்களும் பெரிதும் பாதிக்கப்படுவதில்லை. பாக்டீரியாக்களையும் புழு முட்டைகளையும் அழிக்க இதனைவிடக் குறைந்த அளவே போதும். உருவில் மிகச் சிறிய வைரஸ்கள் கதிர்வீச்சைக் கூடுதலாகத் தாங்குவதாலும், உலர்ந்த பொருளில் கதிர்களின் தாக்கம் குறைவதாலும் அளவு உயர்த்தப்பட்டுள்ளது.

காமா கதிர் பட்ட கசடு கதிரியக்கத் தன்மை பெறுமா என்ற ஐயம் மக்களிடையே எழுவது இயல்பு. கோபால்ட்-60 வெளியிடும் காமா கதிர்களின் ஆற்றல், ஒரு பொருளின் அணுக்கருவை மாற்றும் அளவுக்கு உயர்ந்ததல்ல. மேலும், கதிரியக்கத் தனிமம் உலோக உறைக்குள் மூடப்பட்டிருப்பதால் கசடு அதனைத் தொடுவதே இல்லை. மருத்துவமனைகளில் பயன்படும் ஊசிகளும் கையுறைகளும் இதே முறையில்தான் நீண்ட காலமாகக் கிருமி நீக்கம் செய்யப்படுகின்றன.

எனினும், இந்த முறைக்கும் வரம்புகள் உண்டு. கோபால்ட்-60இன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டுகள் என்பதால், அதன் வலிமை ஆண்டுக்கு ஏறத்தாழ 12 விழுக்காடு குறையும். அதனை ஈடுசெய்யக் குறிப்பிட்ட கால இடைவெளியில் புதிய கோபால்ட் சேர்க்க வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடுகளும் பயிற்சி பெற்ற பணியாளர்களும் கட்டாயம். நாள்தோறும் பெருமளவு கசடு சேரும் பெருநகரங்களுக்கே இது பொருந்தும். சிறு நகராட்சிகளுக்கு எளிதல்ல.

அழிந்த கிருமிகள் திரும்பி வருமா?

வரக்கூடும். கிருமி நீக்கப்பட்ட கசடு, நுண்ணுயிரிகளுக்குத் தேவையான உணவு நிறைந்த, ஆனால் போட்டிக்கு வேறு உயிரிகள் இல்லாத வெற்றிடம். அதில் ஈரம் சேர்ந்து, வெளியிலிருந்து ஒரு சில சால்மோனெல்லா பாக்டீரியாக்கள் கலந்தாலும் வேகமாகப் பெருகிவிடும். புதிய கசடை அள்ளிய அதே மண்வாரி, அதே வண்டி, அதே தளம் ஆகியவற்றைச் சுத்திகரிக்கப்பட்ட கசடுக்கும் பயன்படுத்துவதே இதற்குப் போதுமானது.

அகமதாபாத் நிலையத்தில் இதற்கு ஒரு தீர்வு கையாளப்படுகிறது. கதிர்வீச்சுக்குப் பிறகு, நைட்ரஜனை நிலைநிறுத்துவன, பாஸ்பரஸைக் கரைத்துத் தருவன போன்ற நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் கசடில் கலக்கப்படுகின்றன. வெற்றிடத்தை அவை நிரப்பிவிடுவதால் தீங்கு செய்யும் கிருமிகளுக்கு இடம் குறைகிறது. கசடும் உயிர் உரமாக மதிப்புக் கூடுகிறது.

'ஏ' வகை, 'பி' வகை: வேறுபாடு என்ன?

அமெரிக்க விதிகள் கசடை இரு வகைகளாகப் பிரிக்கின்றன. உலர் எடையில் ஒரு கிராமுக்கு மலக்குடல் சார்ந்த கோலிபார்ம் பாக்டீரியாக்கள் 1,000க்குக் குறைவாகவும், 4 கிராமில் உயிருள்ள புழு முட்டை ஒன்றுக்குக் குறைவாகவும் இருந்தால் அது 'ஏ' வகை. இதனை வயலிலும் வீட்டுத் தோட்டத்திலும் கிருமி குறித்த தடையின்றிப் பயன்படுத்தலாம். கோலிபார்ம் எண்ணிக்கை ஒரு கிராமுக்கு 20 லட்சம் வரை இருந்தால் அது 'பி' வகை.

'பி' வகையைப் பயன்படுத்தத் தடை இல்லை. ஆனால் நிபந்தனைகள் உண்டு. கசடு கலந்த மண்ணைத் தொட்டபடி வளரும் காய்கறிகளை, கசடு இட்டு 14 மாதங்கள் கழித்தே அறுவடை செய்ய வேண்டும். கேரட், முள்ளங்கி போல மண்ணுக்கடியில் விளைபவற்றுக்குக் குறைந்தது 20 மாதங்கள். சில சூழல்களில் 38 மாதங்கள். கால்நடைகளை 30 நாட்களுக்கு மேய விடக் கூடாது. கிருமிகளை நிலையத்திலேயே அழிக்காதபோது, வெயிலும் காலமும் அவற்றை வயலில் அழிக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

இந்தியாவின் நிலை

இந்தியாவில் சுத்திகரிக்கப்பட்ட நீருக்குத் தெளிவான வரையறை உள்ளது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட அறிவிக்கை, 100 மில்லிலிட்டர் நீரில் மலக்குடல் கோலிபார்ம் 1,000க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதே நிலையத்தில் எஞ்சும் கசடில் எத்தனை கிருமிகள் இருக்கலாம் என்பது குறித்து அந்த அறிவிக்கை எதுவும் கூறவில்லை. மத்திய பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பின் 2013ஆம் ஆண்டுக் கையேடு கசடு மேலாண்மையை விரிவாக விளக்குகிறது. எனினும், அது பொறியாளர்களுக்கான வழிகாட்டியே தவிர சட்டம் அல்ல.

இந்த இடைவெளியின் விளைவை, கங்கைக் கரையோர நிலையங்களின் கசடு குறித்து ரூர்க்கி ஐஐடி நடத்தி, 2023ஆம் ஆண்டு வெளிச்சத்துக்கு வந்த ஆய்வு காட்டியது. உலர்ந்த கசடில் பெரும்பகுதி 'பி' வகையைச் சேர்ந்தது என்றும், உரமாகும் தகுதி அதிகம் என்றாலும் தடையற்ற பயன்பாட்டுக்கு முன் மேலும் சுத்திகரிப்பு தேவை என்றும் அதில் தெரியவந்தது.

'பி' வகைக் கசடை டிராக்டரில் ஏற்றிச் செல்லும் விவசாயிக்கு, அது 'பி' வகை என்பதையும் எத்தனை மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்பதையும் யார் தெரிவிப்பது என்பதே இப்போதுள்ள முக்கியக் கேள்வி. மூட்டையில் விற்கப்படும் ரசாயன உரத்தின் மீது அதன் சத்து விவரம் அச்சிடப்பட வேண்டும். டிராக்டரில் குவியலாகச் செல்லும் கசடுக்கு அத்தகைய சீட்டு எதுவும் இணைக்கப்படுவதில்லை.

கிருமி நீங்கினால் மட்டும் போதுமா?

போதாது. தொழிற்சாலைக் கழிவு கலக்கும் நகரங்களின் கசடில் காட்மியம், குரோமியம், ஈயம் போன்ற கன உலோகங்கள் இருக்கக்கூடும். வெப்பம், சுண்ணாம்பு, காமா கதிர் ஆகிய எதுவும் இவற்றை நீக்காது. நகரக் குப்பையிலிருந்து தயாரிக்கப்படும் மட்கு உரத்தில் காட்மியம் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என உரக் கட்டுப்பாட்டு ஆணை வரம்பிட்டுள்ளது. கன உலோகங்களைத் தடுக்க ஒரே வழி, தொழிற்சாலைக் கழிவு வீட்டுக் கழிவுநீருடன் கலக்காமல் பார்த்துக்கொள்வதுதான்.

பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை

கசடைப் பெறும் விவசாயிகள், அது எந்த முறையில், எத்தனை நாட்கள் பதப்படுத்தப்பட்டது என்பதையும், கிருமி மற்றும் கன உலோகச் சோதனை அறிக்கை உள்ளதா என்பதையும் நிலையத்தில் கேட்டறிய வேண்டும். விவரம் கிடைக்காவிடில், பச்சையாக உண்ணும் காய்கறிகளுக்கும் கிழங்கு வகைகளுக்கும் அதனைப் பயன்படுத்தாமல், மரப்பயிர்களுக்கும் பருத்தி போன்ற பயிர்களுக்கும் இடுவது ஆபத்தைக் குறைக்கும். வெப்ப மண்டலப் பகுதிகளில் 20 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பநிலையில் ஓராண்டுக்கு மேல் நனையாமல் சேமித்து வைப்பதும் கிருமிகளைக் குறைக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

கசடை முதலில் தொடுபவர்கள் நிலையத் தொழிலாளர்கள். உலர்ந்த கசடை அள்ளும்போது எழும் தூசி மூக்கு, வாய் வழியாக உள்ளே செல்லும். வெறும் காலுடன் நடப்போரின் தோல் வழியாகக் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் நுழையும். கையுறை, காலணி, முகக்கவசம், சோப்புடன் கூடிய கைகழுவும் வசதி, டைபாய்டு மற்றும் ஹெபடைடிஸ் தடுப்பூசிகள், குறிப்பிட்ட இடைவெளியில் குடற்புழு மாத்திரை ஆகியவை அவர்களுக்குத் தேவையான பாதுகாப்புகள்.

கசடைக் கிருமியற்றதாக்கும் வழிகள் புதியவை அல்ல. அவற்றில் பல எளியவை. 55 டிகிரி வெப்பத்தை 15 நாட்கள் பேணுவதற்கு ஒரு வெப்பமானியும், ஒரு பதிவேடும், குவியலைப் புரட்ட ஆட்களும் இயந்திரமும் போதும். சுத்திகரிப்பு நிலையத்தின் வெற்றியை வெளியேறும் நீரை மட்டும் வைத்து அளக்காமல், வெளியேறும் கசடையும் சோதித்து, அதன் முடிவை வாங்கிச் செல்பவரிடம் எழுத்தில் கொடுப்பது அடுத்த படியாக இருக்கும்.